அந்த வேரைக் குடிக்காதீர்கள், மாமா

சிங்கப்பூர்
14.6.2009

அன்புள்ள மாமாவுக்குத் திலகவதி வணக்கத்துடன் எழுதுவது. மூச்சு வாங்குவது இப்போது எப்படி இருக்கிறது? நம் பிள்ளை பவானி பள்ளிக்கூடம் போகிறாளா? நான் நலம்.

இங்கே நான் பார்த்துக்கொள்ளும் சீன அம்மாவுக்கு ஜின்செங் வேர் போட்டு சூப் வைப்பேன். வெந்த வேரைக் கொட்ட மனசு வராமல், அசதிக்கு நல்லதென்று தினமும் மறுபடி கொதிக்க வைத்துக் குடித்தேன். போன வாரம் நெஞ்சு படபடத்துச் சமையல்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயப்பட வேண்டாம், நிறுத்தியதும் சரியாகிவிட்டது. அசதி மட்டும் அப்படியே இருக்கிறது.

கிளினிக்கில் டாக்டர் சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. உங்களைப் போல் வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த வேரைத் தொடக் கூடாதாம். மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடுமாம். ஊருக்கு வந்த ஜோதிலட்சுமி அக்காவிடம் உங்களுக்கென்று அதைத்தானே கொடுத்தனுப்பினேன்.

போனில் சொன்னால், "வேருதானே புள்ள, என்னா பண்ணிடப் போவுது" என்று சிரிக்கிறீர்கள். நாளைக்கே சிதம்பரம் போய், இதைக் குடித்ததை டாக்டரிடம் சொல்லி ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

யாராவது வந்தால் சுண்டைக்காய் வற்றலும் பவானியின் புது போட்டோவும் கொடுத்தனுப்புங்கள். அவள் முகம் சட்டென்று நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது.

அந்தம்மா கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன். தெம்பு வந்ததும் மறுபடி கடலுக்கு மீன்பிடிக்கப் போய்ச் சம்பாதித்து, என்னை ஊருக்கு வரவழைக்கத்தான் நீங்கள் அந்த வேரைக் குடிக்கிறீர்கள் என்று பவானி போனில் சொன்னாள். நீங்கள் இல்லாத வீட்டுக்கு நான் எதற்கு வர வேண்டும், மாமா?

திலகவதி