நான் கடலில் போட்ட உன் மூட்டு

இன்று மதியம் ஒரு பட்டுப்புடவை கடைக்குத் திரும்பி வந்தது. பார்டரில் ஒரு சாண் நீளத்துக்கு ஜரிகை அறுந்திருந்தது. அதில் தொங்கும் நெசவுக்காரர் சீட்டோடு அதை மடித்து எடுத்து வைக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. உன் ஞாபகம்தான், வேறென்ன.

தி.நகரில் ஒரே கவுண்டரில் எத்தனை வருடம் நின்றோம்! நீ கடலோர நொச்சிக்குப்பத்துக்காரி, நான் கல்யாணமாகி இங்கே வந்தவள். கடைசிவரை என்னைத் 'திருநெல்வேலி' என்றுதான் கூப்பிட்டாய். பழுதான புடவை கண்ணில் பட்டால் எனக்கு ஆகாது, எங்காவது மூலையில் கடாசிவிடுவேன். நீ விடமாட்டாய். "சீட்டு இல்லாம திருப்பி அனுப்புனா, இது என்னுதே இல்லன்னுடுவாரு நெசவுக்காரரு. கெட்ட சரக்கத்தான்மே பத்திரமா வச்சிக்கணும்" என்பாய். மேலே எழுதப்போவதை நினைத்தால் அந்தப் பேச்சு இன்னும் சுடுகிறது.

நின்று நின்றே தேய்ந்த இடுப்பு உன்னுடையது. உலோக மூட்டு வைத்தார்கள். ஒரு வருடம் மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு ஏறினாய். பிறகு வலி. நடந்தால் உள்ளே ஏதோ உரசுகிற சத்தம் எனக்கே கேட்கும். டாக்டர் உன் எடையைச் சொன்னார், வயதைச் சொன்னார், பயிற்சி செய்யவில்லை என்றார். நீயும் நம்பி, தப்பெல்லாம் உன்மேல்தான் என்று சோற்றைக் குறைத்தாய். வேறு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் அதில் உலோகம் கலந்திருப்பது தெரிந்தது. அந்த ரக மூட்டையே வெளிநாட்டில் திரும்பப் பெற்றுவிட்டார்களாம். இங்கே நம்மிடம் ஒருவரும் சொல்லவில்லை. பாவிகள்.

மறுபடி அறுத்து அதை எடுத்தார்கள். நீ கேட்டு வாங்கி வந்து, பிளாஸ்டிக் டப்பாவில் டிவி மேல் வைத்தாய். உன்னைப் பார்த்துக்கொள்ள நான் வந்து தங்கியிருந்த நாட்கள் அவை. பளபளவென்று அது என்னையே முறைப்பதுபோல் இருக்கும். இந்தச் சனியன் வீட்டில் இருக்கும்வரை உன் கால் தேறாது என்று எனக்குள் ஒரு எண்ணம். அமாவாசையன்று பகலில் நீ அயர்ந்து தூங்கும்போது, டப்பாவோடு உன் தலையை மூன்று முறை சுற்றி, ரோட்டைத் தாண்டிப்போய்க் கடலில் வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன். வந்து கால் கழுவிவிட்டு உனக்கு மிளகு ரசம் வேறு வைத்தேன். பெரிய காரியம் செய்த நினைப்பு.

எழுந்து டப்பாவைத் தேடினாய். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். அன்றைக்கு நமக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு மயிலாப்பூரில் அந்த வக்கீலம்மாவைப் பார்த்தோம். மூட்டைச் செய்த கம்பெனி, விற்றவர்கள், வைத்த ஆஸ்பத்திரி, மூவர் மேலும் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்றார். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நாள் இருக்கிறது. ஆபரேஷன் கோப்பின் நகலை எழுதிக் கேளுங்கள், கொடுத்தே ஆகவேண்டும், மூட்டின் எண் போட்ட சீட்டு அதில் ஒட்டியிருக்கும் என்றார். உன் முகம் தெளிந்தது. அடுத்து, எடுத்த மூட்டு எங்கே என்று கேட்டார். அதன் தேய்மானத்தைச் சோதித்தால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாதாம்.

நீ என்னை ஒருதரம் பார்த்தாய்.

"நான்தான் மேடம் கடல்ல போட்டேன். பாக்கவே புடிக்கல" என்றாய்.

மனுவிலும் அப்படியே எழுதினார், நீ கையெழுத்துப் போட்டாய். திரும்பும்போது ஆட்டோவில் நான் அழுதேன். "வுடுமே. உன்ன நிக்க வச்சி கேள்வி கேப்பானுங்க. மேனேஜர் கூப்ட்டாலே உனுக்குப் பேச்சு வராது" என்றாய்.

இரண்டாவது ஆபரேஷன் புண் ஆறவேயில்லை. கிருமி ரத்தத்தில் ஏறி, வழக்கு பாதியில் இருக்கும்போதே போய்விட்டாய். உன் இடத்தில் உன் மகளைச் சேர்த்து வக்கீலம்மா வழக்கைத் தொடர்ந்தார். கம்பெனியின் பதில் மனு வந்தது. மூட்டில் பழுது இல்லை என்று தெரிந்துதான் நோயாளி அதை வேண்டுமென்றே ஒழித்துவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். உன் மகள் என்னிடம் அதைப் படித்துக் காட்டிவிட்டுக் கேட்டாள். "அம்மா ஏன் ஆன்ட்டி அப்டி பண்ணிச்சி?"

அவளிடமும் நீ சொல்லவில்லையா, அடிப்பாவி.

சொன்னேன். பிறகு என்னை வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனாள். நான் உண்மையைச் சொன்னால் நீ கையெழுத்துப் போட்டது பொய்யாகிவிடும், ஒன்று பொய் என்றால் மற்றதும் பொய் என்பார்கள் என்று அவர் எச்சரித்தார். கோப்புச் சீட்டும் ரத்தப் பரிசோதனையும் கையில் இருக்கின்றன, ஆனாலும் வழக்கு பலவீனப்படலாம் என்றார். "பரவால்ல மேடம். அம்மா மேல அந்தப் பழி வேணாம்" என்றாள் உன் மகள்.

போன வாரம் ஆணையத்தின் முன்னால் நின்றேன். அப்படியானால் இறந்தவர் ஏன் தான் போட்டதாகச் சொன்னார் என்று கேட்டார்கள்.

"நான் பயந்தவளுங்க. என்னைக் காப்பாத்தறதுக்காக அவ அப்படிச் சொல்லிட்டா" என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. தோற்றால் என்னால்தான்; அன்றைக்கு அதைக் கடலில் வீசியதும் நான், இப்போது உண்மையைச் சொன்னதும் நான். ஆனால் அந்தக் காகிதங்களில் உன் பெயருக்கு நேரே இருந்த தப்பு இப்போது என் பெயருக்கு நேரே இருக்கிறது. அதை மறுபடி என்னிடமிருந்து பிடுங்கி உன்மேல் போட்டுக்கொள்ள நீ இல்லை.