குதிகாலில் பிறந்த சொல்

என் கண்ணு மாரப்பா,

நீ போன பிறகு, நம் கம்பெனியில் தொழிலாளர் பாதுகாப்பைப் பார்க்க வந்த முதல் ஆடிட் நேற்று முடிந்தது. உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கேண்டீனில் உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். "எங்க கட்டிங் மாஸ்டர். கம்பெனி சொன்னதை ஒரு நாளும் தட்டினதில்லைங்க" என்று ஆடிட்டரிடம் காட்டினார் மேனேஜர்.

போன ஆடிட் நினைவிருக்கிறதா? துணி வெட்டும் கத்தி விரலில் பாயாமலிருக்க இரும்புக் கையுறை. போட்டால் வேலை மெதுவாகுமாம். அதனால் ஆடிட்டர் வரும் நாளில் மட்டும் கொடுப்பார்கள். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்கிப் பெட்டியில் பூட்டுவார்கள். அன்றைக்கு நீ மட்டும் கழற்றவில்லை. "வெரல் என்னுதுங்க" என்றாய். "ரீகால்சிட்ரன்ட் ஃபெலோ!" என்று கத்தினார் மேனேஜர்.

வீட்டுக்கு வந்து என் மகளிடம் அர்த்தம் கேட்டாய். அவள் போனில் தேடினாள்.

"அடங்காதவன், சொன்ன பேச்சு கேக்காதவன்னு அர்த்தமுங்க மாமா. லத்தீன்ல குதிகாலுக்கு ஒரு வார்த்தை இருக்குது, அதுலிருந்து வந்துச்சாம். கழுதையாட்டப் பின்னங்கால்ல திருப்பி ஒதைக்கறது."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "சுமை ஏத்தறவனுக்குத்தான் கண்ணு அது கெட்ட வார்த்தை. கழுதைக்கு என்ன?"

அடுத்த மாதமே நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. உயிரோடிருந்தவரை அடங்காதவன், செத்ததும் அடக்கமானவனா? சீ! செத்தவன் வாய் திறக்க மாட்டான் என்ற தைரியம்தானே?

நேற்றும் கார் போனதும், உன் படத்துக்கு நேர் கீழேயே பெட்டியை வைத்தார்கள். எல்லோரும் கழற்றிப் போட்டார்கள். உன் இடத்தில் இப்போது வெட்டும் பீகார்க்கார மனோஜ், போன வாரம்தான் விரல் நுனியைப் பறிகொடுத்தவர். அவரும் தலையைக் குனிந்தபடி போட்டார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டியை இழுத்து அதன் மேல் குதிகாலை ஊன்றிக்கொண்டேன்.

"காலை எடும்மா" என்றார் மேனேஜர்.

"எடுக்க மாட்டனுங்க. இந்தக் கையுறையெல்லாம் வெட்டறவங்க கைக்குத்தானுங்க போகோணும்."

உன்னைத் திட்டின அந்த இங்கிலீஷ் வார்த்தை அவர் வாய்வரை வந்தது. மேலே மாலையோடு நீ இருந்தாய். பார்த்தார், விழுங்கிக்கொண்டார்.

இன்று காலை மனோஜ் பூட்டாத அந்தப் பெட்டியிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டுதான் வெட்டினார். நாளைக்கு என் வேலை இருக்குமோ, தெரியவில்லை. ஆனால் அந்தப் பெட்டியை மறுபடி பூட்ட விட மாட்டேன், சாமி. இது உன்மேல் சத்தியம்.

உன்னோடு பிறந்த இன்னொரு கழுதை,
உன் அக்கா சரசு