நம்பாமலே துணைக்கு வந்தவனுக்கு

மச்சான்,

இன்று காலை கடையைத் திறந்ததும் ஓர் என்ஜின் வந்தது. கொண்டுவந்தவர் தெரிந்த படகுக்காரர்தான். ஆனாலும் ஆதார் அட்டையைக் காட்டச் சொன்னேன். என்ஜினோடு நிற்க வைத்துச் செல்போனில் படமும் எடுத்துக்கொண்டேன். "என் மூஞ்சி உனக்குத் தெரியாதா?" என்று கோபித்துக்கொண்டார். தெரிந்த மூஞ்சிகளைக் கண்டால்தான் எனக்கு இப்போது பயம். பழக்க தோஷத்தில் கை மட்டும் சாக்பீஸைத் தேடி எடுத்தது. வெள்ளைத் தூள் விரலில் ஒட்டியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

கிள்ளையில் படகு என்ஜின் பழுது பார்க்கிற நாங்கள் ரசீது கொடுத்து யார் பார்த்தது? மூடியின் மேல் சொந்தக்காரர் பெயரைச் சாக்பீஸால் எழுதுவோம், வேலை முடிந்தால் துடைத்துவிடுவோம். அத்தாட்சி கேட்டால் ஆளைச் சந்தேகப்படுவதாக ஊரே பேசும். அந்த வழக்கத்தைத் தெரிந்துகொண்டுதான், பண்ருட்டிப் பக்கத்து ஆள் ஒருவன் இங்குள்ள படகுக்காரர் ஒருவர் பெயரைச் சொல்லி என்ஜினை இறக்கிவிட்டுப் போனான். நானும் அந்தப் பெயரை எழுதி வைத்தேன். அவன் போன பிறகு வந்த நீ அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். "நம்பரை அரத்தால ராவி வச்சிருக்கான் மச்சான். இது எங்கயோ அடிச்ச சரக்கு" என்றாய். நீ யாரைத்தான் நம்பினாய்? சர்க்கரை போட்டாச்சு என்று டீக்கடைக்காரர் சொன்னாலும் கிளாஸைத் தூக்கி அடியைப் பார்ப்பாய். அதனால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் மத்தியானம் போலீஸ் வந்தது. அந்தப் படகுக்காரர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். திருட்டுப் பொருளை வாங்கி வைத்திருந்ததாக என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது உன் நம்பரைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். அந்த என்ஜின் அங்கே இருப்பது உன்னை விட்டால் யாருக்குத் தெரியும்? நீதான் போட்டுக் கொடுத்திருப்பாயோ? சந்தேகம் உனக்கு மட்டும் சொந்தமா என்ன.

நீ ஸ்டேஷனுக்கு வந்தபோது என் முன்னால் ஒரு வெற்றுத் தாள் இருந்தது. அடியில் கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம், மேலே அவர்களே எழுதிக்கொள்வார்களாம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாமாம். எனக்காகப் பேச வந்த தெருக்காரர் ஒருவரும், "போட்டுட்டு வாப்பா, அவுங்கள எதுக்குப் பகைச்சிக்கிற" என்றார். நான் பேனாவை எடுத்தும்விட்டேன். நீ குனிந்து காதருகில் கேட்டாய்.

"மச்சான், எடுத்தியா?"

சுரீர் என்றது. அழாத குறையாக, "இல்லடா" என்றேன். என் முகத்தை உற்றுப் பார்த்தாய். நம்பவில்லை என்று தெரிந்தது. "சரி. எடுத்தாலும் எடுக்கலன்னாலும் வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போடாத. வக்கீல் வரட்டும்னு சொல்லு." சொல்லிக்கொண்டே பேனாவைப் பிடுங்கி உன் சட்டைப் பையில் குத்திக்கொண்டாய். அது ஸ்டேஷன் பேனா.

நானும் அப்படியே சொன்னேன். சிதம்பரம் கோர்ட்டிலுள்ள இலவச சட்ட உதவி மையத்திலிருந்து ஒரு வக்கீலம்மா வந்தார். அவரையும் நீ விடவில்லை. "காசு வாங்காம வர்றீங்களே, எதுக்கும்மா?" என்று நேராகவே கேட்டாய். அவர் சிரித்தார். "எனக்கு அரசாங்கம் குடுக்குதுண்ணே. காவல்ல இருக்கிற யாருக்கும் இது உரிமை. நான் ஒண்ணும் தர்மம் பண்ணல." பிறகு என்னிடம் நிதானமாகச் சொன்னார். எதற்காகக் கைது என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் விசாரித்து எழுதுகிற வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட வேண்டியதில்லை. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும், அடித்திருந்தால் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். "இதெல்லாம் நெஜமாவே சட்டத்துல இருக்கா?" என்று கேட்டாய். அவர் செல்போனில் எடுத்துக் காட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாய்.

ரிமாண்டில் இருந்த கடலூர் ஜெயிலிலிருந்து ஜாமீனில் வெளியே வந்தபோது வாசலில் பைக்கோடு நின்றாய். தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. அதற்கும் நீதான் கூட்டிக்கொண்டு போனாய். சிதம்பரத்தில் வாய்தாவுக்குப் போன ஒருநாள், கோர்ட்டுக்கு எதிரே டீ குடிக்கையில் கேட்டேவிட்டேன். "இப்பவாவது என்னைய நம்புறியா?"

கிளாஸின் அடியைப் பார்த்தாய். "நம்புறதுக்கு நான் என்ன ஜட்ஜா? குடி, நேரமாவுது."

அதற்குப் பிறகு கேட்க வாய்க்கவில்லை. நெஞ்சுவலி என்று கடலூர் ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுபோனார்கள், மறுநாள் ஊருக்கு உடம்புதான் வந்தது. போன மாதம் எனக்கு விடுதலை என்று தீர்ப்பு வந்தது. என்னை அறியாமல், வாய்தாவுக்கெல்லாம் நீ உட்காரும் பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். உன்மேல் எனக்குப் பொல்லாத கோபம் மச்சான். நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இன்று மத்தியானம் ஒரு பெண் கடைக்கு வந்து நின்றாள். அன்றைக்கு என்ஜினை இறக்கிவிட்டுப் போனவனின் மனைவி. இத்தனை நாளும் சிக்காதவனை இப்போது வேறொரு திருட்டுக்காகப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். இதில் பட்டு மீண்டவன் நான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "அவுரு எடுக்கலண்ணே. ஏதோ பேப்பர்ல கையெழுத்து கேக்குறாங்களாம்" என்று அழுதாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை. நன்றாகக் கிடக்கட்டும் என்று வாய்வரை வந்தது. ஆனால் கை பைக் சாவியை எடுத்துவிட்டது.

ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. எடுத்தியா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் பொய்தான் சொல்வான். "எடுத்தாலும் எடுக்கலன்னாலும் கையெழுத்து போடாத. வக்கீலம்மாவுக்குச் சொல்லியாச்சு" என்றேன். அவர் வந்து சேரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவனை அப்போதும் நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை. நீ என்னை நம்பினாயா என்று இனி உன்னைக் கேட்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், பையில் ஒரு பேனா இருந்தது. அவன் கையிலிருந்து எப்போது பிடுங்கினேன் என்று தெரியவில்லை. ஸ்டேஷன் பேனாதான். அதில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.