முன்சக்கரத்துச் சூடு

பார்சி காலனி, தாதர், பம்பாய்
9 அக்டோபர் 1983

நோஷிர்,

கண் அறுவைக்காக நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நீ என் காரேஜைத் திறந்து வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். கேட்கவில்லை, சொல்லவில்லை, ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. இதற்குப் பெயர் திருட்டு. தம்பி செய்தால் வேறு பெயர் உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

கண்ணில் கட்டோடு வந்து காரேஜ் கதவைத் தள்ளினால், தரையில் எண்ணெய்க் கறை மட்டும் கிடக்கிறது. காவல்காரரைக் கூப்பிட்டேன். "நோஷிர் சேட்தான் வந்தாரு மேம்சாப். அக்காவுக்கு எல்லாம் தெரியும்னு சொன்னாரு. நான் தள்ளிவிடக்கூடச் செஞ்சேன்" என்கிறார் அந்த மனிதர், ஏதோ எனக்கு உதவி செய்துவிட்டதைப் போல.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பப்பா போன பிறகு அந்த ஹில்மன் கார் உயிரோடு இருப்பது என் கையால். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பகல் ஷிப்ட் முடிந்து வந்து, எந்த மெக்கானிக்கிடமும் கைகட்டி நிற்காமல், கழற்றிக் கழற்றி மாட்டிப் பழகினேன். எஞ்சினை இரண்டு முறை இறக்கி ஏற்றியிருக்கிறேன். விளக்கைப் பிடி என்றால் கிரீஸ் ஒட்டும் என்று நழுவியவன் நீ. பத்திரத்தில் இருப்பது என் பெயர்.

வண்டி தீபாவளிக்கு முன் இங்கே நிற்க வேண்டும்.

பெரின் கஸ்தர்


பாஞ்ச்கனி
15 அக்டோபர் 1983

அன்புள்ள பெரின் அக்காவுக்கு,

கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறாயா? புகைச்சலான இடத்தில் உட்காராதே.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனால் திருட்டு என்று எழுதுவாய் என்று நினைக்கவில்லை. ஆறு வருஷமாகக் கேட்டேன், அக்கா. "பார்ப்போம்" என்பாய், இல்லாவிட்டால் டீ போட எழுந்து போய்விடுவாய். அது பப்பா வண்டி. பத்திரம் உன் பெயரில் இருப்பது, அவர் போனபோது நான் பள்ளிப் பையனாக இருந்ததால்.

தில்னாஸுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நவம்பர் 19, இங்கேயே. மாப்பிள்ளை யஸ்தி, புனேக்காரப் பையன், நல்ல பிள்ளை. "வேற எந்தக் காரும் வேணாம் டாடி, பெரின் அத்தையோட வண்டியிலதான் நான் கிளம்புவேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மறுநாள் காலை இருவரும் பசர்ணி மலைப்பாதையில் இறங்கி, அடிவாரத்து வாயி ஊர் வழியாகப் புனே போகிறார்கள். வண்டியைப் புதுப்பித்து உன் கண் முன்னால் நிறுத்தி அசத்தலாம் என்றிருந்தேன்.

நான் பார்த்துக்கொள்ளும் பள்ளி ஹாஸ்டலின் பின்கட்டில் நானே எல்லாம் செய்தேன். நம்பமாட்டாய். வயரிங் புதிது. முன் இருக்கைகளுக்கு பெல்ட். எல்லாவற்றுக்கும் மேல், முன்சக்கரத்தில் பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக்! குர்லாவில் நொறுங்கிக் கிடந்த ஒரு வெளிநாட்டு வண்டியிலிருந்து வாங்கி, சாத்தாரா லேத்தில் தகடு கடைந்து பொருத்தினேன். உன் தம்பி பெண்டாட்டி குல் தலையில் அடித்துக்கொள்கிறாள். "பொண்ணுக்கு ரவிக்கை தைக்க ஆள் தேட நேரமில்ல, காருக்கு மட்டும் இடுப்புப் பட்டி தச்சாச்சு" என்கிறாள்.

நீ வந்து தில்னாஸ் தலையைச் சுற்றி, திருஷ்டி கழிய முட்டை உடைத்தால்தான் கல்யாணம் நிறையும். கோபத்தைத் தள்ளி வை.

உன் தம்பி,
நோஷிர்


தாதர்
20 அக்டோபர் 1983

நோஷிர்,

தில்னாஸுக்கு என் ஆசி. அவளுக்காக வருவதைப் பற்றி அவளிடம் பேசிக்கொள்கிறேன்.

வண்டி விஷயம். கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது. அதை ஏமாற்றி ஓட்ட எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. வாயி போய்ச் சேருவதற்குள் போய்விடும். பெட்ரோல் பம்ப் ஏற்றத்தில் இருமும். பெல்ட் போடத் தரையில் ஓட்டை போட்டிருப்பாய், மழைத் தண்ணீர் உள்ளே வரும். டிஸ்க் மாட்டினாயே, பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதுதானா, அதையும் மாற்றினாயா? எழுது. பப்பா வைத்த வயரிங்கில் என்ன குறை கண்டாய்? பழைய ஹாரனைத் தூக்கி எறிந்திருந்தால் எனக்கும் உனக்கும் பேச்சே கிடையாது.

இதையெல்லாம் சரிசெய்ய உன்னால் ஆகாது. வண்டியை ரயிலில் ஏற்றி அனுப்பு.

பெரின்


பாஞ்ச்கனி
27 அக்டோபர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே வாயி போய்வந்தேன். கிளட்ச் போகவில்லை. மறுபடி போனேன். பம்ப் இருமவில்லை. நேற்று மழையில் போனேன், தரை காய்ந்தே இருந்தது. ஹாரன் இருக்கிறது, பால்காரர் சத்தம் கேட்டு சைக்கிளோடு விழுந்தார்.

மாஸ்டர் சிலிண்டர் நம் பழையதுதான். போன வருஷம் நீயே புது ரப்பர் போட்டது. உன் வேலையை நான் ஏன் மாற்ற வேண்டும்?

அந்த பிரேக் இருக்கிறதே, அக்கா, நீ ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் டிரம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டாய். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு பிரேக்கை மிதிக்கவே வேண்டியதில்லை. ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானே அடங்கி நிற்கிறது. லேசான சரிவில் கைபிரேக் இல்லாமல் நிறுத்தினேன், அசையவில்லை. "உங்களைவிட வண்டி சொன்ன பேச்சு கேக்குது" என்கிறாள் குல். முன்சக்கர மூடியில் மட்டும் சூடு. தில்னாஸ் தொட்டுவிட்டு, "டாடி, இதுல அக்கூரியே கிண்டிடலாம், முட்டைய எடுத்துட்டு வாங்க" என்று கையை உதறினாள். புது பிரேக் பட்டைகள் அல்லவா, தேய்ந்து படிந்ததும் சரியாகிவிடும். கடைத்தெருவில் டீ குடித்துவிட்டு வந்தால் ஆறிவிடுகிறது.

அழைப்பிதழ் இத்துடன் உள்ளது. விருந்துக்கு வாழையிலையில் வேகவைக்கும் மீன் பாத்ராவுக்குச் சமையல் ஆள் சொல்லியாயிற்று.

உன் தம்பி,
நோஷிர்


(தந்தி, 30 அக்டோபர்)
வண்டியை எடுக்காதே. பிரேக் ஆபத்து. கடிதம் வருகிறது. பெரின்


தாதர்
30 அக்டோபர் 1983

நோஷிர்,

இதை நின்றுகொண்டே படிக்காதே. உட்கார்ந்து படி.

நீ பெருமையாக எழுதியதெல்லாம் நோயின் அடையாளம். பழைய மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும். டிரம்முக்கு அது வேண்டும்; அங்கே ஸ்பிரிங் இருப்பதால் பட்டை தானே விலகிவிடும். டிஸ்கில் ஸ்பிரிங் கிடையாது. அந்த அழுத்தம் பட்டைகளை டிஸ்க் மேல் ஒட்டியபடியே வைக்கும். வண்டி அடங்கி நிற்கிறது என்றாயே, அது பிரேக்கைப் பிடித்தபடியே ஓடுகிறது. அதனால்தான் சூடு.

சமதரையில் சூட்டோடு போய்விடும். பசர்ணி இறக்கத்தில் திருப்பத்துக்குத் திருப்பம் நீ மிதிக்க மிதிக்க, உள்ளே இருக்கும் பிரேக் எண்ணெய் கொதிக்கும். கொதித்தால் குமிழி. அப்போது மிதித்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆறிய பிறகு எந்த மெக்கானிக் பார்த்தாலும் எல்லாம் சரி என்றுதான் சொல்வான்.

சரிசெய்யாமல் அந்தப் பிள்ளைகளை அதில் உட்கார வைத்தால், கல்யாணத்துக்கு வந்தவர்கள் நாலாம் நாள் துக்க வீட்டுத் தன்சாக் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். நல்ல நாளில் அந்தப் பெயரை நம் வீட்டில் எடுக்கமாட்டோம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பதில் போடு. உடனே.

பெரின்


பாஞ்ச்கனி
5 நவம்பர் 1983

பெரின் அக்கா,

உன் தந்தி எப்போது வந்தது தெரியுமா? யஸ்தியின் அப்பா அம்மா கூடத்தில் உட்கார்ந்து இனிப்பு ரவா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தந்தி என்றதும் அந்த அம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். என்ன சொல்வது, எங்கள் அக்காவுக்குக் கார் வேண்டுமாம் என்றா?

முதலில் கிளட்ச் என்றாய். பிறகு பம்ப், தரை. ஒன்றும் நடக்கவில்லை. இப்போது பிரேக். நாளை டயரில் பேய் என்பாய். வண்டி திரும்ப வேண்டும் என்றால் அதை மட்டும் சொல். என் மகளின் சாவை வைத்து என்னைப் பயமுறுத்தாதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு குல் அழுதாள்.

சாத்தாராவிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டினேன். ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். "சேட், இத்தன நல்லா வேல செஞ்சிருக்கீங்க, என் கடைக்கு வந்துடுங்க" என்றார். முந்தாநாள் வாயி இறக்கத்தின் கடைசியில் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போனது. இரண்டு முறை பம்ப் செய்தேன், வந்துவிட்டது. பிரேக் குழாயில் காற்று இருந்திருக்கும். எடுத்துவிடுவேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன், பார்.

19ஆம் தேதி வருவதென்றால் வா. வண்டிப் பேச்சோடு வராதே. இனி வண்டி பற்றி எழுதினால் உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

நோஷிர்


தாதர்
10 நவம்பர் 1983

அன்புள்ள தம்பி நோஷிருக்கு,

இந்த உறையை நீ திருப்பி அனுப்ப முடியாது. குல்லின் அத்தை மகன் ஜால் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும் வரை எதிரே நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவன் நிற்பான், என்னிடம் அவனுக்குப் பயம் உண்டு.

நேற்று ட்ரங்க் கால் போட்டேன். எக்ஸ்சேஞ்சில் என் பழைய தோழிகள் சீக்கிரம் இணைப்புக் கொடுத்தார்கள். குல்தான் எடுத்தாள். "அக்கா, சாப்பாடு, புடவை, கண்ணு, எது வேணும்னாலும் பேசுங்க. கார் மட்டும் வேணாம். அவரு வீட்ட விட்டே போயிடுவாரு" என்றாள். நான் பிரேக் என்று ஆரம்பித்ததும் ரிசீவரை வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

பெடல் ஆழமாகப் போயிற்று என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது காற்று இல்லை, நோஷிர். எண்ணெய் கொதிக்கத் தொடங்கிவிட்டது. அன்று வண்டியில் நீ ஒருவன். 20ஆம் தேதி அதில் இரண்டு பேர், பெட்டிகள், சீர் பாத்திரம்.

நான் சொல்வதை நீ ஏன் நம்பவில்லை என்று யோசித்தேன். வண்டிக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறாய். கிளட்ச் பற்றி எழுதியது கோபத்தில்தான். பம்ப் பற்றியும். ஆகவே அந்தக் காரணத்தை எடுத்துவிடுகிறேன். இந்த உறையில் வண்டிப் பத்திரம் இருக்கிறது. உன் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். காலனி செயலாளர் சாட்சி. என்னிடம் இருந்த சாவியும் உள்ளே. இனி ஹில்மன் உன்னுடையது. எனக்கு அதில் ஒரு நட்டுகூடச் சொந்தமில்லை. திரும்பக் கேட்க மாட்டேன், அதில் ஏறவும் மாட்டேன்.

இப்போது சொல், நான் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்?

டிஸ்க்கைக் கழற்று என்றும் சொல்லவில்லை. நீ கடைந்து பொருத்தியது நல்ல வேலை என்றே நினைக்கிறேன். அந்த ஒரு வால்வுதான் தப்பு. என் சொல்லை நம்பாதே, சோதித்துப் பார். ஊருக்குள் மேட்டிலும் பள்ளத்திலும் அரைமணி ஓட்டு, பசர்ணி இறக்கத்தில் இறங்காதே. வந்ததும் சூடு ஆறுவதற்குள் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்று. சுற்றாது. பிறகு பிரேக் பெடலில் யாரும் கால் வைக்காமல், அந்தச் சக்கரத்து பிரேக்கில், குழாய்க் காற்றை எடுக்கும் திருகை லேசாகத் திற. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள், கொதிக்கும். எண்ணெய் தானாகப் பீறிட்டு, சக்கரம் விடுபட்டால் நான் சொன்னது உண்மை. பீறிடாவிட்டால் கல்யாண மேடையில் எல்லார் முன்னாலும் என்னைப் பைத்தியம் என்று சொல். ஆமாம் என்பேன்.

நீ செய்தது திருட்டு என்பதில் மாற்றம் இல்லை. திருடியதை உனக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு பஸ்ஸில் வருவேன். தில்னாஸுக்கு முட்டை சுற்றுவேன், பஸ்ஸில் திரும்புவேன். உன்னோடு பேசுவேனா என்று அங்கே வந்துதான் தெரியும்.

செய்ய வேண்டியவை:

நோஷிர்: மேலே சொன்ன சோதனையை இன்றே செய்ய வேண்டும். பிறகு மாஸ்டர் சிலிண்டரை இறக்கி, ஸ்பிரிங்கின் நுனியில் இருக்கும் அந்த வால்வை எடுத்துவிட வேண்டும். பழைய எண்ணெய் ஒரு சொட்டு விடாமல் வெளியேற்றிப் புதிது ஊற்ற வேண்டும். முன்சக்கர பேரிங்கில் கிரீஸ் உருகியிருக்கும், புதிதாக அடைக்க வேண்டும். பின்சக்கரப் பட்டைகளை நெருக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெடல் ஆழமாகப் போகும்.

குல்: இதெல்லாம் முடியும் வரை இரண்டு சாவிகளையும் தன் இடுப்பில் முடிந்து வைத்திருக்க வேண்டும். அழட்டும், ஆனால் கொடுக்கக் கூடாது.

தில்னாஸ்: வேலை முடிந்ததும் அப்பா அரைமணி ஓட்டிவிட்டு வர, அவள் முன்சக்கர மூடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கையை உதறாமல் வைத்திருக்க முடிந்தால்தான் ஏற வேண்டும்.

யஸ்தி: பசர்ணியில் முதல் திருப்பத்துக்கு முன்பே இரண்டாவது கியரில் போட்டு, கீழே போய்ச் சேரும் வரை மாற்றக் கூடாது. பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் சரி.

ஜால்: வால்வை வாங்கி, தாளில் சுற்றி என்னிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தால்தான் தூங்குவேன்.

பெரின்: காரேஜ் தரையில் இருக்கும் எண்ணெய்க் கறையைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

உன் அக்கா,
பெரின்