நிக்கல் பட்டைக்கு அடித்த கறுப்பு

பேரன் வாசலில் காரை நிறுத்தி, ஜன்னல்களைச் சுற்றி ஓடுகிற பளபளப்புப் பட்டைக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருக்கிறான். கண்ணாடியில் பழைய பேப்பரை ஒட்டிவிட்டு, டப்பாவை அமுக்கிப் புஸ்ஸென்று அடிக்கிறான். "இப்ப இதுதான் ஆச்சி ஸ்டைலு" என்கிறான். பெயிண்ட் வாடை அடுக்களைக்குள் வந்துவிட்டது. உலையை இறக்கி வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

மரக்கடை முதலாளிக்கு நீங்கள் பல வருஷம் ஓட்டிய பச்சை வண்டிக்கும் இதே மாதிரி நிக்கல் பட்டை உண்டு. அவர் புதிது எடுத்ததும் பழையதை உங்களுக்கு விற்றார். குற்றாலச் சீசனுக்கு டாக்ஸியாக விடலாம் என்று என் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என்னை முன்சீட்டில் உட்கார வைத்தீர்கள். தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பியதும், டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் தோள் துண்டை இறக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள். வெயிலில் அந்த நிக்கல் பட்டை மின்னுவதைப் பார்த்தே முதலாளி வருகிறார் என்று எழுந்து பழகியவர்கள். உள்ளே நம்மைக் கண்டதும் ஒருவர், "டிரைவர் அண்ணாச்சிக்கும் சேத்து ஒரு கும்பிடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நானும்தான்.

மறுநாளே முதலாளி ஆள் அனுப்பினார். நானும் கூட வந்து வாசலில் நின்றேன். அவர் கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "ஏலே, ஒன்னப் பாத்து நாலு பேரு எந்திச்சு நின்னா, நாளைக்கு என்னப் பாத்து எவன்லே எந்திப்பான்? அதுல மினுங்குத எல்லாத்துக்கும் கறுப்ப அடிச்சிரு."

"சரி முதலாளி" என்றீர்கள். வண்டி நம்முடையது. விற்ற பொருளின் மேல் அவருக்கு என்ன பாத்தியதை? அந்த 'சரி'க்காக உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, இன்றைக்கும்.

நிக்கலில் பெயிண்ட் நேராக ஒட்டாது. உப்புத்தாள் போட்டுப் பளபளப்பு போகத் தேய்த்த பிறகுதான் பிடிக்கும். வேப்பமரத்தடியில் குத்தவைத்து ஜன்னல் ஜன்னலாகத் தேய்த்தீர்கள். பல் கூசுகிற அந்தச் சத்தம் கேட்டு நான் வைதபோது, "பேசாம இருட்டி, சோறு போட்ட வீடு" என்றீர்கள்.

சாரல் தொடங்கியது. ரயிலிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கியவர்கள், பட்டையெல்லாம் கரி அப்பிய நம் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த டாக்ஸிக்குப் போனார்கள். ஒரு அம்மாள் முகத்துக்கு நேராகவே, இது பொணம் ஏத்துத வண்டியா என்று கேட்டாளாம். வந்து சொன்னீர்கள்.

அவள் வாய் முகூர்த்தம், ஆஸ்பத்திரி வாசலில் வடகரைக்காரர் ஒருவர் செத்துப்போன மகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு டாக்ஸியாகக் கெஞ்சியிருக்கிறார். யாரும் ஏற்றவில்லை. சும்மா நின்ற நீங்கள் ஏற்றினீர்கள். அது நல்ல காரியம், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு உயிரோடு இருக்கிற யாரும் நம் வண்டியில் ஏறவில்லை. பண்பொழியில் சாவு என்றாலும் சுந்தரபாண்டியபுரத்தில் சாவு என்றாலும் நம் கதவைத் தட்டினார்கள். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பொணவண்டி என்றே பேர் விழுந்தது. சின்னவள் அழுதுகொண்டு வந்து, இனிப் போக மாட்டேன் என்று ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

பிறகு முதலாளி அதே ஆஸ்பத்திரியில் செத்தார். அவருடைய புது வண்டி வாசலில்தான் நின்றது. பிணத்தை ஏற்றினால் வண்டிக்கு ஆகாது என்று மகன்கள் உங்களைக் கூட்டிவர ஆள் விட்டார்கள். நான் நிலைப்படியில் கையை விரித்து மறித்தேன். நம்மை இந்தக் கதிக்கு ஆக்கியவரைச் சுமக்க நீங்கள்தானா கிடைத்தீர்கள் என்று கத்தினேன். நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு, புறவாசல் வழியாகப் போனீர்கள்.

சாயங்காலம் வந்து குளித்துவிட்டு இலையின் முன் உட்கார்ந்தீர்கள். நான் கேட்காமலே சொன்னீர்கள்: "ரோடு பூரா குழிட்டி. அவரு தலை ஆடிரக் கூடாதுன்னு மெள்ள உருட்டிக்கிட்டுப் போனேன்."

சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

நீங்களும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. போன ஆவணியில் முதலாளி வீட்டுப் பேரன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். மரியாதை தெரிந்த பையன். உங்களை டிரைவர் தாத்தா என்று சொல்லி விசாரித்தான். தண்ணீர் கொடுத்தேன். தாம்பாளத்தை நீட்டினான், வாங்க நான் கையை நீட்டவில்லை. நாம் பெற்ற மகளே, செத்தவங்க மேல என்னம்மா கோவம் என்று ஏசினாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் ஏசுகிறாள், அவளும் மறந்துவிட்டாள். நீங்கள் அன்றே இறக்கி வைத்துவிட்டீர்கள். நம் வீட்டில் ஒரு ஆளாவது இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டாமா?