ஒற்றைச் சிப்பும் நாற்பதாவது நிமிடமும்

மார்ச் 3, செவ்வாய்

புதிய மதர்போர்டில் ஒரு சிப்பா, இரண்டா? வெள்ளிக்குள் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். இருபது வருடமாக நான் இரண்டு சிப் கட்சி. நினைவகம், திரை என்ற அவசர வேலைக்கு ஒன்று. வட்டு, விசைப்பலகைக்கு இன்னொன்று. சூடும் இரண்டாகப் பிரியும். எல்லாவற்றையும் ஒன்றிலேயே அடைத்திருப்பது எங்கள் அணியின் சின்னவள். பலகை சிறிதாகிறது, சரி. சூடு? இன்று என் மேசையில் சோதனைக்கு ஓட்டிய அவளுடைய ஒற்றைச் சிப் பலகை நாற்பதாவது நிமிடம் சூடேறி அப்படியே உறைந்து நின்றது. நான்தான் சொன்னேனே.

மார்ச் 4, புதன்

மறுபடி நாற்பது நிமிடம். "இதே மாதிரி இன்னொரு பலகை என் மேசையில ரெண்டு நாளா நிக்காம ஓடுதுக்கா," என்கிறாள் சின்னவள். சூடு போகப் பெட்டியின் மூடியைத் திறந்து போட்டு ஓட்டியிருப்பாள் என்று போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

என் கணக்குப்படியும் இவ்வளவு சுடக் கூடாது. பிசகு கணக்கிலா, என்னிடமா?

மார்ச் 5, வியாழன்

இரண்டு பலகைகளையும் மேசை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். அங்கேயும் என் பலகைதான் நின்றது. "நீங்க சொன்னா சரிதான் மேடம், ரெண்டு சிப்புக்கே போயிடலாம்," என்றார் மேலாளர். கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. ஏன் கசக்கிறது? ஒற்றை போனால் சின்னவளின் ஒப்பந்தமும் மாதக் கடைசியோடு போகும்.

வீட்டில் இவர், நான் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிப்பதைப் பார்த்து, "கை இன்னும் ஒரு முழம் நீளமா இருந்திருக்கலாம். கண்ணாடி போட்டா கிரீடமா எறங்கிடும்?" வெள்ளெழுத்தாம். எனக்கா?

மார்ச் 6, வெள்ளி

"இரண்டு சிப்" என்று எழுதி முடித்தும் அனுப்பவில்லை. மனம் கேட்காமல் சிப்பின் மேலிருந்த, சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கைக் கழற்றினேன். அடியில் விரலுக்கு ஏதோ வழுவழுப்பு, கண்ணுக்கு ஒன்றுமில்லை. நகத்தால் சுரண்டியதும் உரிந்து வந்தது — மாட்டும் முன் எடுத்துவிட வேண்டிய பிளாஸ்டிக் தாள். மாட்டியது நான். நானேதான். சே, என்ன காரியம் பண்ணிட்டேன்!

யாரும் பார்க்கவில்லை. கசக்கிப் போட்டால் முடிந்தது.

மேலாளரிடம் சில நாள் அவகாசம் கேட்டேன். காரணம் சொல்லவில்லை.

தாள் கண்ணில் படவில்லையா, படாமலே போகட்டும் என்று இருந்தேனா?

மார்ச் 9, திங்கள்

ஓடுகிறது. தாளை எடுத்தபின், நாற்பது நிமிடம் தாண்டியும் இன்னும் ஓடுகிறது.

மார்ச் 12, வியாழன்

அறிக்கை போய்விட்டது. ஒற்றை. கோளாறுக்குக் காரணம் என்ற இடத்தில் என் பெயர். எப்போதும் ஒற்றைதான் சரியா என்று கேட்டால், தெரியாது. இந்தப் பலகை சரி. அதற்கு மேல் குழப்பம்தான்.

மார்ச் 27, வெள்ளி

சின்னவளுக்கு இன்னும் ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். அடுத்த பலகை வந்தது. "நான் மாட்டட்டுமாக்கா?" என்றாள். கேலியா, கரிசனமா, பிடிபடவில்லை.

"நானே மாட்டுறேன். நீ பக்கத்துல நில்லு."

புதுக் கண்ணாடி மூக்கில் உறுத்துகிறது. தாளின் ஓரம் நன்றாகத் தெரிந்தது.