விருந்தாளி சாப்பிடும்போது பார்க்கக் கூடாது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மா தும்மலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறாள். நான் வழக்கம்போல இருக்கிறேன். அது நல்லதா கெட்டதா என்று அவளிடமே கேட்டுக்கொள். நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருக்கவேண்டும், ஏனென்றால் ஏதாவது சிக்கல் வந்தால்தான் என்னோடு பேசுவாய், மற்ற நாளெல்லாம் அம்மாவிடம் பேசிவிட்டு "அப்பாவைக் கேட்டேன்னு சொல்லும்மா" என்று வைத்துவிடுகிறாய், இப்போது கொஞ்ச காலமாக நான் கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கிறேன், ஆகவே அங்கே எல்லாம் நலம் என்று எடுத்துக்கொண்டேன். போனில் முடிகிற விஷயத்தை எதற்கு எழுத வேண்டும் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை உன் அம்மா சொல்லிவிடுகிறாள், அதுவும் தனக்குச் சாதகமாக. அதனால்தான் நாய் விஷயத்தை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த நாய் எங்கள் தலையில் வந்து விடிந்ததற்கு நீதான் காரணம் என்பதை முதலில் பதிவுசெய்துவிடுகிறேன். அங்கே உட்கார்ந்துகொண்டு போனில் எதையோ அழுத்தினாய், இங்கே வாசலில் ஒரு பெண் ஸ்கூட்டரின் முன்னால் ஒரு நாயை நிறுத்தி வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். தெருவில் கைவிடப்பட்ட நாய்களை எடுத்து வந்து, நிரந்தரமாக ஒரு வீடு கிடைக்கும் வரைக்கும் யார் வீட்டிலாவது விட்டு வைப்பதுதான் அவர்கள் வேலையாம். "சும்மா கொஞ்ச நாளைக்குத்தான் சார், தற்காலிகம்" என்றாள். நீ வெளிநாடு கிளம்பும்போதும் இதே சொல்லைத்தான் சொன்னாய், அதனால் அந்தச் சொல்லில் எனக்கு இருக்கிற நம்பிக்கையை நீயே ஊகித்துக்கொள். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. யாரோ வீட்டைக் காலிசெய்துகொண்டு போகும்போது பின்பக்கக் குழாயில் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். "ரொம்ப சாது சார், சத்தமே போடாது" என்றாள், பெரிய தகுதியைச் சொல்வதுபோல. சாதுவாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதை நான் நன்றாக அறிவேன். கல்லூரியில் என் துறையில் நான் வாயைத் திறக்காமல் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன், குரைக்கத் தெரிந்தவன் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்து எனக்குத் துறைத்தலைவன் ஆனான். நேற்றுகூட எனக்கு "சார், நீங்க சீனியர், நீங்கதான் விட்டுக்கொடுக்கணும்" என்று அறிவுரை சொன்னான். அது கிடக்கட்டும். உன் அறையிலேயே அதற்கு ஒரு பழைய விரிப்பைப் போட்டோம். உன் அம்மா அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்தாள்.

வந்த புதிதில் விருந்தாளி சாப்பிடவே இல்லை. பால், முட்டை, சோறு, உன் அம்மா எனக்கு ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் எல்லாம் வைத்துப் பார்த்தோம். தட்டைப் பார்க்கும், எங்கள் முகத்தைப் பார்க்கும், தலையைத் தரையில் வைத்துக்கொள்ளும். ஒருமுறை உன் அம்மா எதையோ எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள், நான் செய்தித்தாளில் இருந்தேன், சளக் சளக் என்று சத்தம் கேட்டது. உடனே இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம், சத்தம் நின்றுவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, யாராவது பார்த்தால் அது சாப்பிடாது. சாப்பிடும்போது எவன் கையால் என்ன அடி வாங்கிற்றோ தெரியவில்லை. அன்றிலிருந்து விருந்தாளி சாப்பிடும்போதெல்லாம் நானும் உன் அம்மாவும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, எங்களுக்குள் முகம் கொடுத்துப் பேச முடியாத அளவுக்குச் சண்டை என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தையல்கடைக்காரர் என்னிடம் "வயசான காலத்துல எதுக்கு சார், அனுசரிச்சுப் போங்க" என்றார். நான் மறுக்கவில்லை. நாய்க்கு மரியாதை கொடுக்கிறோம் என்பதைவிடச் சண்டை என்பது கௌரவமான காரணம்.

நிரந்தர வீடு தேடி வந்தவர்களின் லட்சணத்தையும் கேள். முதலில் ஒரு மரக்கடை முதலாளி வந்தார், கிடங்குக்குக் காவல் வேண்டும் என்று. "குரைக்குமா, கடிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார், விருந்தாளி அந்தக் கையை நக்கியது. "இது திருடனுக்கு விளக்கு பிடிக்கும் போலிருக்கே" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு புதுமணத் தம்பதி, அந்தப் பெண் நாயின் முடியில் ஒன்றைப் பிடுங்கி, போனில் இருந்த தன் சோபாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்தாள். நான் அவர்களிடம் நாலைந்து கேள்விதான் கேட்டேன், வாய்மொழித் தேர்வில் கேட்பதுபோல. அந்தப் பையன் வியர்த்துப்போய்க் குடித்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான். ஸ்கூட்டர் பெண் "சார், நீங்க குடுக்கிறதுக்காகப் பேசுறீங்களா, குடுக்காம இருக்கிறதுக்காகப் பேசுறீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அதை வைத்துக்கொள்ள ஆசை என்று நினைத்திருப்பாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. மேலும் நாய் முடி உன் அம்மாவின் மூச்சுக்கு ஆகாது, வீட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் மாடியிலிருந்து உன் பெரியப்பா இந்தக் கதைக்குள் நுழைகிறார். வீட்டைக் கீழ், மேல் என்று பிரித்த நாளிலிருந்து நானும் அவரும் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அது வீட்டுக்காக அல்ல. தாத்தா வாங்கிவைத்த கலைக்களஞ்சியத்தையும் பிரித்தாகவேண்டும் என்று நின்றாரே, அந்தப் பெருந்தன்மைக்காக. 'அ' முதல் 'த' வரை எனக்கு, 'ந' முதல் கடைசி வரை அவருக்கு. இத்தனை வருடமாக 'த'வுக்கு மேல் உலகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நாய் வந்ததும் நாயைப் பற்றிப் படிக்கலாம் என்று எழுந்தேன், நாயும் மாடியில்தான் இருந்தது.

நம் வீட்டில் இதுவரை சேதி கொண்டுபோய்க் கொண்டுவந்தவள் உன் அம்மா. விருந்தாளி வந்ததும் அவளுக்கு ஓய்வு கிடைத்தது. அது படிக்கட்டின் திருப்பத்தில் படுத்துக்கொள்ளும். உன் பெரியப்பா மேலே நின்றுகொண்டு, "ஏம்ப்பா, தொட்டி நிரம்பி வழியுதே, மோட்டாரை நிறுத்தற எண்ணம் இருக்கான்னு உங்க வீட்டுக்காரரைக் கேளு" என்பார். நான் கீழே நின்றுகொண்டு, "தொட்டி யார் தலைக்கு மேல இருக்கோ அவங்க எறங்கி வந்து நிறுத்தக் கூடாதான்னு கேளு" என்பேன். விருந்தாளி அவரையும் பார்க்கும், என்னையும் பார்க்கும், கொட்டாவி விடும். அது நடுநிலை. ஆனால் கொஞ்ச நாளில் மத்தியான வேளைகளில் மேலே ஏறிப் போக ஆரம்பித்துவிட்டது. நான் கல்லூரியிலிருந்து வந்து தேடினால் மாடியிலிருந்து பேச்சுச்சத்தம் கேட்கும், பெரியம்மா போனபிறகு அந்த மாடியில் ரேடியோ தவிர வேறு பேச்சுச்சத்தம் கிடையாது. ஒருநாள் ஸ்கூட்டர் பெண் வந்தபோது உன் பெரியப்பா அவளை மேலே கூப்பிட்டு, நாயைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஏன் சார் என்று அவள் கேட்டதற்கு, "இந்தப் படியில ஏறி வர ஒரு உயிராவது இருக்கட்டுமேன்னுதான்" என்றார். கீழே எனக்குக் கேட்கவேண்டும் என்றே உரக்கச் சொன்னார். தேய்த்துக் குளிப்பாட்டி, உண்ணி பிடுங்கி ஆளாக்கியது நான், அனுபவிப்பது அவர். பழக்கம்தானே என்று இருந்துவிட்டேன். உன் அம்மா மட்டும் தும்மிக்கொண்டே சந்தோஷப்பட்டாள்.

அவர்கள் அமைப்பில் ஒரு விதி இருக்கிறது. ஒப்படைக்கும் நாளில், இதுவரை வளர்த்தவர் இனி வளர்க்கப்போகிறவரிடம் நாயின் பழக்கவழக்கம் எல்லாவற்றையும் நேரில், தன் வாயால் சொல்லவேண்டும். ஸ்கூட்டர் பெண் எங்களைப் படிக்கட்டில் நிறுத்தி "ஆரம்பிங்க சார்" என்றாள். உன் பெரியப்பா நாலு படி மேலே, நான் நாலு படி கீழே, நடுவில் விருந்தாளி. நான் நாயைப் பார்த்து ஆரம்பித்தேன். "இடி இடிச்சா நீ கட்டிலுக்கு அடியில போயிடுவ, இழுக்கக் கூடாது. துடைப்பத்தைக் கண்டா நடுங்குவ, எதிர்ல வைக்கக் கூடாது. அப்புறம், நீ சாப்பிடும்போது..." என்று முக்கியமான இடத்துக்கு வந்தேன். உன் பெரியப்பா குறுக்கே புகுந்து, அவரும் நாயைப் பார்த்தே, "போதும்ப்பா, சோறு போடறதுக்குக்கூட நமக்குப் பாடம் எடுப்பாங்க போல, நீ மேல வா" என்று விசிலடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் என்னையே பார்த்தாள். கேட்க விரும்பாதவரிடம் போய்ச் சொல்லுகிற அளவுக்கு நான் இறங்கவில்லை. மீதியை விழுங்கிவிட்டேன்.

மேலே போன விருந்தாளி சாப்பிடவில்லை. ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. முதல் நாள் அதட்டல். "கீழ் வீட்டுச் சோறுதான் எறங்குமோ? இது என்ன விஷமா?" மறுநாள் அதட்டல் போய்க் கெஞ்சலானது, ராத்திரியும் தட்டை விட்டு நகராமல் கெஞ்சினார். "ஒரு வாய், ஒரே ஒரு வாய், பாரு நானே சாப்பிடறேன் பாரு." மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டுவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை, மனசில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்கூட்டர் பெண் போனில், நாளைக்கும் சாப்பிடாவிட்டால் திரும்ப எடுத்துக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை, ஆனால் இப்போதைக்கு வீடு எதுவும் இல்லை, கூண்டுதான் என்றாளாம். கூண்டில் கம்பிக்கு வெளியே எந்நேரமும் யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அங்கே அது எப்படிச் சாப்பிடும்?

உன் அம்மாவிடம், மேலே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்றேன். அவள் கையிலிருந்த துணியை அப்படியே போட்டாள். "ஏறி ஏறி என் முட்டி தேஞ்சதெல்லாம் உங்க அண்ணன் தம்பி ரோஷத்துலதான். இந்த ஒரு சேதிய நீங்களே கொண்டுபோங்க. இல்லேன்னா அந்த வாயில்லா ஜீவன் பட்டினி கிடந்து சாகட்டும், ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்குங்க" என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் தேவையில்லாதது என்று இன்னும் நினைக்கிறேன்.

ஏறினேன். பெரியம்மா போன அன்று ஏறியது, அன்றும் கூட்டத்தோடு கூட்டமாக வாசலிலேயே நின்றுவிட்டு இறங்கிவிட்டேன். கதவு திறந்துதான் இருந்தது. விருந்தாளி தட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக் கிடந்தது. விலா எலும்பு தெரிந்தது. அதன் முகத்துக்கு நேராக உன் பெரியப்பா சப்பணம் போட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் 'ந' தொகுதி திறந்திருந்தது. "நாயைப் பத்தி நாலு பக்கம் போட்டிருக்கான், சாப்பிடலேன்னா என்ன பண்றதுன்னு ஒரு வரி இல்ல" என்றார். நாய் கண்ணை மூடியிருந்ததால் என்னிடம்தான் சொல்கிறார் என்று முடிவுசெய்தேன். "அதுல இருக்காது. திரும்பி உட்காருங்க, யாராவது பார்த்தா அது சாப்பிடாது" என்றேன். ஒரு நிமிடம் என்னை முறைத்தார். "இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன உனக்கு?" என்றார். சொல்லத்தான் வந்தேன், நீங்கள்தான் விசிலடித்துக்கொண்டு போனீர்கள் என்றேன். "நீ நாய்கிட்டல்லடா சொல்லிட்டிருந்தே!" என்றார். நீங்கள் மட்டும் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்களாம் என்றேன். அவர் 'ந' தொகுதியை மூடிவைத்துவிட்டு எழுந்தார். அதைக் குறித்துக்கொள்.

அங்கே கிடந்த பெஞ்சைத் திருப்பிப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எதிரே அலமாரியில் என் 'ப', என் 'ம', என் 'வ' எல்லாம் வரிசையாக நின்றன. தூசி இல்லாமல்தான் வைத்திருக்கிறார், அதில் குறை சொல்ல முடியவில்லை. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தலை லேசாகத் திரும்பியது, நான் முழங்கையால் இடித்தேன். அப்புறம் தட்டு தரையில் நகர்கிற சத்தம், அதன் பிறகு சளக் சளக். உன் பெரியப்பா அலமாரியைப் பார்த்தபடியே மெதுவாக, "'க' தொகுதி கீழதானே இருக்கு? காதுன்னு பாக்கணும். அதோட ஒரு காது ஏன் மடிஞ்சே இருக்குன்னு தெரியல" என்றார். "நானும் பார்த்துட்டேன், மனுஷக் காதுதான் போட்டிருக்கான்" என்றேன். சத்தம் நின்றது. "முடிஞ்சிருச்சா?" என்றார். தெரியலை, திரும்பிப் பார்க்கக் கூடாது என்றேன். காலித் தட்டை அது நக்கி முடித்து, எங்கள் பெஞ்சுக்கு அடியில் வந்து படுத்து, குறட்டைகூட விட ஆரம்பித்துவிட்டது. நாங்கள் திரும்பாமலே உட்கார்ந்திருந்தோம்.

இதை வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் ஒன்றாகிவிட்டார்கள் என்று உன் அம்மா போனில் சொல்வாள், நம்பாதே. கலைக்களஞ்சியம் பிரிந்தது பிரிந்ததுதான், அதை நான் மறக்கப்போவதில்லை. சாப்பாட்டு வேளைக்கு மட்டும் மேலே போய் வருகிறேன், ஏனென்றால் உன் பெரியப்பா ஓரக்கண்ணால் பார்க்கிறார், கண்காணிக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. உன் அறையிலிருந்த விரிப்பைத் துவைத்து மடித்து வைத்துவிட்டோம். உன் அம்மாவின் தும்மல் குறைந்திருக்கிறது. நிரந்தர வீடு என்று ஊரெல்லாம் தேடினார்கள், அது ஒரு மாடிப்படி தூரத்தில் இருந்தது. நீ இருக்கும் தூரத்தைப் பற்றி இங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் நேருக்கு நேர் பேசிக்கொண்டு நீண்டகாலம் நன்றாக இருக்கவேண்டும். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்றை மறந்துவிடாதே: விடுமுறைக்கு வந்தால் முதலில் கீழ்வீட்டுக்கு வா, மேலே அப்புறம் போகலாம். போனால் விருந்தாளி சாப்பிடும் நேரமாக இருந்தால் வாசலிலேயே முதுகைக் காட்டி நில். எங்கள் பெஞ்சில் இரண்டு பேருக்குத்தான் இடம், ஆனாலும் நகர்ந்து உட்காரலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா